இருபத்துமூன்று கடி வழக்குகள்

எங்கள் வீட்டு கேட்டில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று பலகை தொங்குகிறது. உள்ளே இருப்பது ஒரே ஒரு நாய்தான். வெள்ளை நிறம், நல்ல ராஜபாளையம் சாதி, ஒன்பது வயது. அது இன்றுவரை ஒருவரையும் கடித்ததில்லை. கடிப்பது என் மகள் கார்த்திகா. அவளுக்கு ஐந்து வயது. அவள் பெயரில் பலகை வைக்க என் மனைவி அனுசியா சம்மதிக்க மாட்டாள்.

என் பெயர் முத்துவீரன். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு காவல் நிலையத்தில் ஏட்டு. அங்கே ரைட்டர் வேலை. ரைட்டர் என்றதும் கதை எழுதுகிறவன் என்று நினைக்க வேண்டாம். அழுதுகொண்டும் ஏசிக்கொண்டும் வருகிறவர்கள் சொல்வதை நாள், நேரம், இடம், ஆயுதம், சாட்சி என்று பிரித்துத் தாளில் ஏற்றுகிறவன். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பிறகு யாரும் எழுப்பவில்லை.

கார்த்திகா பேசாத பிள்ளை இல்லை. தண்ணி, போ, வேண்டாம், மிட்டாய், நாயின் பெயர் என்று அறுபத்திரண்டு வார்த்தைகள் அவளிடம் இருந்தன. நான் எண்ணியிருக்கிறேன். இரண்டை ஒன்றாகச் சேர்ப்பதுதான் அபூர்வம். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் லேட்டாகத்தான் பேசினார்கள் என்று என் தரப்பிலும், எங்கள் குடும்பத்தில் எல்லோரும் வாயைத் திறந்தால் மூட மாட்டார்கள் என்று அனுசியா தரப்பிலும் ஒரு வருடம் வாதம் ஓடியது. அதற்குள் பிள்ளை கடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் மிஸ், “பையை வச்சிட்டு, டைரியை எடுத்து டேபிள்ல குடுத்துட்டு, வந்து உக்காரு” என்பார்களாம். இவள் பையை மாட்டியபடியே போய் உட்கார்ந்துவிடுவாளாம். டைரியில் ‘பிடிவாதம்’ என்று எழுதி அனுப்பினார்கள். நான் அதில் கையெழுத்துப் போட்டேன். என் கருத்தும் அதுதான். இரண்டு பள்ளிக்கூடங்கள் அந்தப் பிடிவாதத்தைத் தாங்காமல் டி.சி.யைக் கையில் கொடுத்தன. இப்போது படிப்பது மூன்றாவது. ராஜபாளையத்தில் நாங்கள் பணம் கட்டக்கூடிய, பேருந்து வந்து போகக்கூடிய நாலாவது பள்ளிக்கூடம் கிடையாது.

முதல் கடி விழுந்த அன்றே நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்க நோட்டு ஒன்றை வாங்கி, கோடு போட்டு, வழக்கு நாட்குறிப்பு ஆரம்பித்தேன். வேறு யாராவது வீட்டில் இப்படிச் செய்வார்களா என்று அனுசியா கேட்டாள். வேறு யார் வீட்டிலும் ரைட்டர் இல்லை என்று சொன்னேன். முதல் பதிவை அப்படியே தருகிறேன்.

‘வழக்கு எண் 1. நாள்: பிப்ரவரி 11. நேரம்: மாலை 6.10. சம்பவ இடம்: வீட்டு அடுப்படி. வாதி: முத்துவீரன், த/பெ சங்கையா. எதிரி: கார்த்திகா, வயது 5. ஆயுதம்: பல். வாதியின் செல்போன் தண்ணீர்க் குடத்தில் கிடந்தது சம்பந்தமாக, அதை உள்ளே போட்டது யார், எதற்காகப் போட்டாய் என்று வாதி விசாரித்தபோது எதிரி முதலில் தெரியல என்று மழுப்பினார். எச்சரிக்கப்பட்டார். அதன்பின் வாதியின் வலது முன்கையைக் கடித்தார். காயம்: மேல்வரிசை நாலு, கீழ்வரிசை மூன்று.’

இப்படி இருபத்திரண்டு வழக்குகள் சேர்ந்தன. சேத்தூரில் ஒரு கல்யாண வீட்டில் என் சித்தப்பா விஜயபாண்டியைக் கடித்தது வழக்கு எண் 9. அவர் ராணுவத்தில் இருபத்தெட்டு வருடம் இருந்து, எல்லையில் குண்டு விழுந்த இடங்களில் எல்லாம் நின்று, உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் வந்தவர். பந்தியில் இவளை மடியில் தூக்கி வைத்து, “ஒனக்கு அப்பா பிடிக்குமா, அம்மா பிடிக்குமா?” என்று மூன்று தடவை கேட்டார். கட்டைவிரலில் தையல் போட வேண்டியதாயிற்று. புரட்டாசிச் சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்று நாங்கள் சொல்லும் குன்றில் இருக்கும் பெருமாளிடம், பிள்ளைக்கு நல்ல பேச்சு வரட்டும் என்று வேண்டப் போனோம். படியில் இளைப்பாறிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், “ஏட்டி, ஒன் பேரு என்ன?” என்று அவள் தாடையைப் பிடித்தார். அது வழக்கு எண் 17. பெருமாளைப் பார்க்காமலே இறங்கினோம்.

இருபத்துமூன்றாவது வழக்கு வகுப்பறையில் நடந்தது. கூடப் படிக்கும் கௌதம்ராஜின் காது. அவன் அப்பா மறுநாள் நாலு பேரோடு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்.

தலைமை ஆசிரியை வெங்கடேஸ்வரி மேடம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கோபப்படவில்லை. கோபப்படாதவர்களிடம்தான் எனக்குப் பயம்.

“பத்து நாள் பிள்ளையை வீட்ல வச்சுக்கோங்க சார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டிட்டு வாங்க. இனிமே கடிக்க மாட்டேன்னு பிள்ளை வாயால சொல்லணும். நீங்க எழுதிக் குடுக்கணும். இல்லன்னா டி.சி. ரெடியா இருக்கும்.”

எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவது எங்கள் தொழில். வரப்புத் தகராறு, குழாயடிச் சண்டை, குடித்துவிட்டு மாமனாரை அடித்தவன், எல்லோரிடமும் ‘இனிமேல் இவ்வாறு செய்ய மாட்டேன்’ என்று நானே எழுதி அவர்கள் கையெழுத்தை வாங்கியிருக்கிறேன். அவர்களில் பாதிப் பேருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. என்னிடம் ஒருத்தர் அப்படிக் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கு அது பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து விவரத்தைச் சொன்னதும் அனுசியா பேண்டேஜ் கம்பெனிக்கு லீவு சொன்னாள். அவள் அங்கே பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். இருபது பேரை மேய்க்கிறவள் என்னிடம் அனுமதி கேட்கிற வழக்கம் இல்லை.

“ஆஸ்பத்திரிக்குப் பேச்சுப் பயிற்சி குடுக்குற பொண்ணு ஒண்ணு வருதாம். நாளைக்குப் போறோம்” என்றாள்.

“அவ பேசுறதுக்கும் கடிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?”

“அதைத்தான் கேக்கப் போறோம். அந்த நோட்டையும் எடுத்துட்டு வாங்க. ஆசை ஆசையா எழுதுனியள்ல.”

பயிற்சியாளரின் பெயர் பாண்டீஸ்வரி. வயது இருபத்தைந்து இருக்கும். தரையில் ஒரு பிளாஸ்டிக் பாய், அதில் சொப்புச் சாமான்கள். கார்த்திகாவை அதில் உட்கார வைத்து, தானும் எதிரே உட்கார்ந்துகொண்டது. சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தது. “சட்டி” என்றது. கார்த்திகா கரண்டியை எடுத்தாள். “கரண்டி” என்றது. அரை மணி நேரத்தில் ஒரு கேள்வி கேட்கவில்லை. கடியும் விழவில்லை. இப்படி ஒரு விசாரணையை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

பிறகு சில படங்களைக் காட்டிச் சோதித்தது. முடித்துவிட்டு எங்களிடம் வந்தது.

“பாப்பாவுக்குக் காது நல்லா கேக்குது. புத்தியும் நல்லாத்தான் இருக்கு. பேச்சுதான் கஷ்டம். பேசுறது மட்டும் இல்ல சார், நம்ம பேசுறது அவளுக்குள்ள போறதும் கஷ்டம். நீளமா ஒண்ணு சொன்னியன்னா கடைசி வார்த்தை மட்டுந்தான் கையில நிக்கும். ஏன், எதுக்குன்னு கேட்டா அதுகூட நிக்காது.”

“அதுக்குக் கடிக்கணுமா?” என்றேன்.

“அந்த நோட்டைத் தாங்க சார்.”

ஒரு மணி நேரம் படித்தது. என் எழுத்தை அவ்வளவு கவனமாக எந்த நீதிபதியும் படித்ததில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு பதிவிலும் ஒரு வரிக்கு அடியில் கோடு போட்டுக்கொண்டே வந்தது. அப்பா பிடிக்குமா அம்மா பிடிக்குமா. ஒன் பேரு என்ன. எதுக்குப் போட்டாய். ஏன் சாப்பிடல. யாருடைய பென்சில் இது. கடைசியில் கௌதம்ராஜ் தந்த வாக்குமூலம்: ‘ஒனக்கு ஏன் பேச வராதுன்னு மட்டுந்தான் கேட்டேன்.’

“இருபத்திமூணுலயும் கடிக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு சார். எல்லாத்தையும் நீங்களே எழுதி வச்சிருக்கிய. முகத்துக்கு நேரா ஒருத்தர் நின்னு ஏதோ கேக்குறாங்க, விட மாட்டேங்கிறாங்கன்னு மட்டும் அவளுக்குப் புரியுது. அதை நிறுத்த அவகிட்ட இருக்கிறது பல்லுதான்.”

நோட்டை வாங்கிப் பார்த்தேன். எண்ணினேன். இருபத்துமூன்றில் பதினொன்றில் கேள்வி கேட்டவன் நான். இருபத்திரண்டு வருட சர்வீஸில் இவ்வளவு தெளிவான ஆதாரத்தை நானே எழுதி நானே பார்க்காமல் விட்டது இதுதான் முதல் தடவை. முதல் தடவை என்று இப்போது உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை.

பாண்டீஸ்வரி முதல் பக்கத்துக்குத் திரும்பியது.

“இதுல பாப்பா ‘தெரியல’ன்னு சொல்லியிருக்கே சார். ரொம்ப நல்ல வார்த்தை. இது ஒண்ணு இருந்தா அவளுக்குக் கடிக்க வேண்டிய தேவையே வராது. ஆனா பொறவு இருபத்திரெண்டு வழக்குலயும் இந்த வார்த்தையக் காணோம். எச்சரிக்கப்பட்டார்னு போட்டிருக்கியள்ல, அப்படின்னா என்ன சார்?”

“வாயாலதான். சத்தம் போட்டேன்” என்றேன்.

அனுசியா என்னைப் பார்த்தாள்.

எங்கள் தொழிலில் அடி தாளில் ஏறாது. இன்ஸ்பெக்டர் எதிரியைக் கன்னத்தில் அறைவார். நான் ‘எச்சரிக்கப்பட்டார்’ என்று எழுதுவேன். நாலு அறை விழுந்தால் ‘கடுமையாக எச்சரிக்கப்பட்டார்’. கை தானாக எழுதும். பிப்ரவரி 11 மாலை, தெரியல என்று சொன்ன பிள்ளையை, “தெரியலன்னு சொன்னா அடிதான்” என்று சொல்லி இடது கன்னத்தில் அறைந்தேன். ஐந்து விரலும் பதிந்திருந்தன. அதை நோட்டில் ஏற்றவில்லை. தன் கைக்காயத்தை மட்டும் மேல்வரிசை நாலு, கீழ்வரிசை மூன்று என்று எண்ணி எழுதினான் வாதி. அவளிடம் இருந்த அறுபத்துமூன்றாவது வார்த்தையைப் பறித்தவன் நான்தான். அந்தப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படியும் உண்மையைச் சொல்லவில்லை.

பாண்டீஸ்வரி சொன்னது இதுதான். பத்து நாள் பிள்ளையிடம் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. சொல்ல வேண்டியதைச் சின்னதாகச் சொல்ல வேண்டும். யாராவது அவளைக் கேட்டுவிட்டால், கடி விழும் முன் நாங்கள் அவளுக்காக ‘தெரியல’ என்று சொல்ல வேண்டும். வீட்டில் நாங்களும் அந்த வார்த்தையைத் தாராளமாகப் புழங்க வேண்டும்.

“அவகிட்ட சொல்லு சொல்லுன்னு நிக்காதிய. அவ கேட்டுக்கிட்டே இருக்கட்டும்” என்றது.

ஒரு போலீஸ்காரன் வீட்டில் கேள்வி இல்லாமல் பத்து நாள். முதல் நாள் நானும் அனுசியாவும் ஏறக்குறைய ஊமையாக இருந்தோம். இரண்டாம் நாள் வழி பிடிபட்டது.

“நல்லெண்ணெயக் காணோம்” என்பாள் அனுசியா.

“தெரியல” என்பேன்.

“நீங்கதான் எடுத்திய.”

“தெரியல.”

“நல்லா வசதியாப் போச்சு ஒங்களுக்கு.”

வெளியாட்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. நம் ஊரில் ஒரு பிள்ளையைப் பார்த்தால் யாருக்கும் சும்மா போகத் தெரியாது. பேர் என்ன, எந்தக் கிளாஸ், யார் மகள், சாப்பிட்டாச்சா, என்ன கொழம்பு. எங்கள் ஸ்டேஷனில்கூட ஒருவரை இத்தனை கேட்க மாட்டார்கள். பால்காரர் பாண்டிச்செல்வம் கேட்டுக்கு வெளியே நின்றே, “பாப்பா, ஸ்கூல் லீவா?” என்றார். நான் வேட்டியோடு ஓடிப்போய் “தெரியல” என்றேன். சொந்த மகளுக்கு லீவா இல்லையா என்று தெரியாத தகப்பன் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பலகையில் இன்னொரு வரி சேர்க்கலாமா என்று யோசித்தேன்.

பழக்கம் ஸ்டேஷன் வரைக்கும் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் காசிராஜன், “வன்னியம்பட்டி மோட்டார் திருட்டு ஃபைல் எங்கய்யா?” என்றார். “தெரியல சார்” என்று வாயில் வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“ஒடம்பு சரியில்லையா?”

அதே வழக்கில் விசாரிக்க ஐயாதுரை என்ற தோட்டக் காவலாளியைக் கொண்டுவந்தார்கள். எதைக் கேட்டாலும், “தெரியல ஏட்டையா” என்றார். வழக்கமாக ‘மழுப்பலாகப் பதிலளித்தார்’ என்று எழுதுவேன். அன்றைக்குத் ‘தெரியாது என்றார்’ என்று எழுதினேன். நான் செய்தது அவ்வளவுதான். எனக்காக யாரும் கொடி பிடிக்க வேண்டாம்.

பத்து நாளில் கடி இல்லை. ஆனால் கார்த்திகா அந்த வார்த்தையைச் சொல்லவும் இல்லை. நான் ஒவ்வொரு தடவை தெரியல என்றதும் என் முகத்தைப் பார்ப்பாள். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டவரின் கையைப் பார்ப்பாள். செத்த நேரம் பார்த்துக்கொண்டே நிற்பாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. யூனிஃபார்மில் வர வேண்டாம் என்று அனுசியா சொல்லிவிட்டாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ‘எனது மகள் இனிமேல் இவ்வாறு செய்ய மாட்டாள் என உறுதி கூறுகிறேன்’ என்று முடியும் ஒரு பக்கக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். மேஜையின் ஒரு பக்கம் டி.சி. புத்தகம் இருந்தது. இன்னொரு பக்கம் ஒரு பெரிய பதிவேடும் மர ஸ்கேலும் இருந்தன. கார்த்திகாவை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

“மேடம், பிள்ளைகிட்ட கேள்வி கேக்குறது கொஞ்சம்…” என்று அனுசியா ஆரம்பித்தாள்.

“அவ வாயால வரணும்னு சொன்னேன்லம்மா. அந்தப் பையன் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்றார் வெங்கடேஸ்வரி மேடம். பிறகு குனிந்தார். “கார்த்திகா, இங்க பாரு. இனிமே யாரையாவது கடிப்பியா?”

என் மடியில் அவள் உடம்பு இறுகியது. தாடை அசைந்ததை நான் பார்த்தேன். மேடத்தின் விரல்கள் மேஜை விளிம்பில், எட்டும் தூரத்தில் இருந்தன. வழக்கு எண் 24-க்கு எல்லாம் தயாராக இருந்தது.

“தெரியல மேடம்” என்றேன் நான்.

“ஒங்கள நான் கேக்கல சார்.”

“தெரியும் மேடம். அவளுக்காகச் சொன்னேன். எனக்கும் தெரியல. இனிமே கடிப்பாளா மாட்டாளான்னு எனக்கு நெசமாவே தெரியல.”

மேடம் பெருமூச்சு விட்டு, பதிவேட்டைத் திறந்து, கோடு போட மர ஸ்கேலை எடுத்தார்.

கார்த்திகா ஸ்கேலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மடியிலேயே எழுந்து முட்டி போட்டு, தன் கையை விரித்து என் இடது கன்னத்தை மூடிக்கொண்டாள். இரண்டாவது கையையும் அதன்மேல் வைத்தாள். ஸ்கேலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பத்து நாளாக அவள் எதைத் தேடினாள் என்று அப்போதுதான் புரிந்தது. தெரியல என்று சொன்ன தகப்பனுக்கு எப்போது அடி விழும் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“என்ன சார் இது?” என்றார் மேடம்.

அவள் கைகளை விலக்காமலே சொன்னேன்.

“பிப்ரவரி மாசம் இவ ‘தெரியல’ன்னு சொன்னா மேடம். நான் அறைஞ்சேன். இந்தக் கன்னத்துல. அன்னைக்கு இருந்துதான் கடிக்கிறா. இப்ப நான் சொல்லிட்டேன்ல. நீங்க அடிப்பியன்னு நெனைக்கிறா.”

வெங்கடேஸ்வரி மேடம் கையிலிருந்த ஸ்கேலைப் பார்த்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்து மூடினார். கோடு போடாமலே பதிவேட்டில் ஏதோ எழுத ஆரம்பித்தார். அடி விழவில்லை. கார்த்திகா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ஒரு கையை எடுத்தாள். பிறகு இன்னொன்று. மேடத்தின் பக்கம் திரும்பினாள்.

“தெரியல” என்றாள்.

அனுசியா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

“அரைப்பரீட்சை வரைக்கும் பாப்போம்” என்றார் மேடம். “கௌதம்ராஜ் அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். அந்தப் பயிற்சிக்காரப் பொண்ணை எங்க மிஸ்ஸுகள்ட்ட ஒரு நாள் வந்து பேசச் சொல்லுங்க. ஆனா நீங்க எழுதிக் குடுத்துட்டுத்தான் போகணும்.”

சட்டைப் பையில் இருந்த கடிதத்தை எடுக்கவில்லை. வெள்ளைத் தாள் ஒன்று கேட்டு வாங்கினேன். ‘எனது மகள் இனிமேல் கடிப்பாளா என்பது எனக்கோ அவளுக்கோ தெரியாது. நான் இனிமேல் அவளை அடிக்க மாட்டேன் என உறுதி கூறுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேடம் இரண்டு தடவை படித்தார். இப்படி ஒன்று இதுவரை வந்ததில்லை என்று சொல்லி ஃபைலில் கோத்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் நோட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தேன். கார்த்திகா பக்கத்தில் உட்கார்ந்து நாயின் காதை மடக்கிக்கொண்டிருந்தாள். ‘எச்சரிக்கப்பட்டார்’ என்ற வார்த்தையை ஒரே கோடாக அடித்தேன். மேலே ‘இடது கன்னத்தில் அறைந்தேன்’ என்று எழுதினேன். அதோடு நிறுத்த முடியவில்லை. என் பெயருக்கு முன்னால் ‘வாதி’ என்று இருந்த இடத்தில் ‘எதிரி’ என்றும், அவள் பெயருக்கு முன்னால் ‘எதிரி’ என்று இருந்த இடத்தில் ‘வாதி’ என்றும் மாற்றினேன். பதிவில் திருத்தம் செய்தால் ஓரத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். மூன்று திருத்தத்துக்கும் போட்டேன்.